பொன்னுருக்கு வீட்டில் ஒரு சோடிச் சப்பாத்து

றமேஸ் கடைக்குள் வந்தபோது அவருடைய காலில் சப்பாத்து இருக்கவில்லை. காலுறைக்கு மேல் மரக்கறிக் கடைப் பையைச் சுற்றி, கணுக்காலில் றப்பர் வளையம் போட்டிருந்தார். மற்றக் காலுக்கும் அதே அலங்காரம்தான். வெளியே பரிஸின் லா சப்பல் தெரு முழுக்கக் கணுக்காலளவு பனி கிடந்தது.

"அண்ணை, உது என்ன கோலம்?" என்று கேட்டான் பிரின்ஸ்டன்.

"சப்பாத்தைப் பறிச்சு வைச்சிட்டாங்கள்" என்றார் றமேஸ். "சாட்சியாம்."

சாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் பிரின்ஸ்டனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன் திருத்துவது அவனுக்குப் பிழைப்பு. மற்றவர்களுடைய மர்மங்களில் மூக்கை நுழைப்பதுதான் உண்மையான தொழில். கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டு ஒரு ஸ்ரூலை இழுத்து வைத்தான். பிறகு கடையின் மூலையில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்த வதனாவைப் பார்த்தான்.

வதனா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவர். யாராவது வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகிவிட்டது என்று நட்டஈடு கேட்டால், நேரில் போய்ப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பார். போன வருடம் றமேஸின் நகைக்கடைச் சுவர் நனைந்தபோது, தன் வீட்டுக் குழாய் அல்லவே அல்ல என்று மேல்மாடிக்காரன் சத்தியம் பண்ணினான். அவனுடைய குளியலறைத் தரையைத் தட்டிப் பார்த்தே அவனை ஒப்புக்கொள்ள வைத்தவர் வதனா. வதனாவின் வீடு பரிஸுக்கு வெளியே, சென் தெனியில். நேற்றிலிருந்து ரயில் ஓடாததால் லா சப்பலில் ஒரு தோழி வீட்டில் படுத்து எழும்பி, பகலைப் பிரின்ஸ்டன் கடையில் கழித்துக்கொண்டிருந்தார்.

பரிஸில் பனி என்பது வழக்கமாகக் காலையில் விழுந்து மத்தியானம் சேறாகிற சாமான். இந்த முறை அது இரண்டு நாள் விடாமல் கொட்டி, இன்று விடியத்தான் ஓய்ந்தது. கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் பேருந்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. பலசரக்குக் கடைக்காரர்கள் குப்பை அள்ளும் தட்டாலும் உடைந்த பெட்டிப் பலகையாலும் வாசலை வழித்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்தவர்கள்கூடப் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, பனியை அள்ளி எறிந்து படம் பிடித்துக் கிளிநொச்சிக்கு அனுப்பினார்கள். புடைவைக் கடைப் பெண் ஒருத்தி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ருசியும் இல்லை என்று குறைப்பட்டாள்.

றமேஸ் மேசையில் கையை ஊன்றப் போனார்.

"அண்ணை, அந்த அரிசிக்கை கை வையாதேங்கோ. போன் ஒண்டு காயப்போட்டிருக்கு" என்று பிரின்ஸ்டன் தடுத்தான். "ஸ்னோவுக்கை விழுத்தினதாம். மத்தியானம் ஒரு பெட்டை கொண்டுவந்து தந்திட்டு, ஆரோ செத்த மாதிரி அழுதிட்டுப் போகுது. ஒரு போனுக்கு இப்பிடி அழுற சனத்தை நான் காணேல்லை. சரி, நீங்கள் சொல்லுங்கோ."

"தவரத்தினத்தின்ரை மகன் மிதுசனுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம்" என்று றமேஸ் தொடங்கினார். "இண்டைக்குக் காலமை பொன்னுருக்கல்."

"அது என்னண்ணை? நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு மோதிரத்தோடை அலுவல் முடிஞ்சுது."

வதனா விளக்கினார். "மாப்பிள்ளை வீட்டிலை நல்ல நேரம் பாத்து, நகை செய்யிறவரைக் கூப்பிட்டு, தாலிக்குரிய பொன்னை எல்லாருக்கும் முன்னாலை உருக்குறது. அந்தப் பொன்னிலைதான் பேந்து அவர் தாலி செய்வார்."

"ஓம். உருக்கி, ஆறவைச்சு, வெத்திலையிலை வைச்சுக் காட்டினன். கடலையளவு உருண்டை. இந்தப் பனிக்குச் சனம் ஒருத்தரும் வரேல்லை. தவரத்தினம், மனிசி இந்திராதேவி, மாப்பிள்ளைப் பெடியன், நான். அவ்வளவுதான். தட்டைச் சாமியறையிலை வைச்சிட்டு நான் சாப்பிட இருந்தன். நடுவிலை எனக்கொரு போன். பின்னறைக்குப் போய்க் கதைச்சிட்டு வந்தன். சாப்பிட்டு முடிச்சுப் பொன்னை எடுக்கப் போனால், தட்டிலை வெத்திலை மட்டும் கிடக்கு."

"பிறகு?"

"வாசலிலை என்ரை சப்பாத்து நனைஞ்சு, பனி ஒட்டினபடி கிடக்கு. யன்னலாலை எட்டிப் பாத்தால், ஒருத்தரும் மிதியாத முற்றத்திலை ஒரே ஒரு அடித்தடம். படியடியிலையிருந்து பின் ஒழுங்கை இரும்புக் கேற் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கு. என்ரை சப்பாத்துத் தடம்தான். ஆனால் நான் இறங்கவேயில்லை, தங்கச்சி. காலமை முன்வாசலாலை வந்தனான். முற்றத்துப் பக்கமே போகேல்லை."

"தவரத்தினம் என்ன சொல்லுறார்?"

"கேற்றுக்கு அங்காலை ஆளை நிப்பாட்டிப் பொன்னைக் குடுத்திட்டனாம். சொந்தப் பொன்னை வீட்டுக்காரர் களவெடுப்பினமோ எண்டு கேக்கிறார். அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? உடுப்பைக் கழட்டிப் பாருங்கோ எண்டன்."

"பாத்தவையோ?"

"ஓம்" என்றார் றமேஸ். "பாத்தவை."

பிரின்ஸ்டன் ஹீற்றரை அவருடைய காலடிக்கு நகர்த்தினான்.

"பின்னேரம் வரைக்கும் தவணை. பேந்து பொலிசாம். பொலிசு வரட்டும், அது பறவாயில்லை. அதுக்கிடையிலை நாலைஞ்சு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டார். தாலிப் பொன்னிலை கை வைச்சவன் எண்டு பேர் வந்தால், இந்தத் தெருவிலை இனி ஆர் என்னட்டைப் பொன்னைத் தருவினம்? கடையைப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான்."

வதனா எழுந்து குளிரங்கியைப் போட்டார். "சப்பாத்து என்ன மாதிரி, அண்ணை?"

"பனிக்கெண்டு போன கிழமை வாங்கினது. நூல் கட்டுறது. நல்ல இறுக்கம். நூலை அவிழ்க்காமல் போடவும் ஏலாது, கழட்டவும் ஏலாது."

"காலமை அவிழ்த்துத்தான் கழட்டினனீங்களோ?"

"ஓம், குந்தியிருந்து."

"வாங்கோ போவம். ராவைக்கு மழையெண்டு சொல்லுறாங்கள். மழை வந்தால் தடமும் போயிடும், மற்றதும் போயிடும்."

மற்றது என்ன என்று பிரின்ஸ்டன் கேட்டான். வதனா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அவன் கடையைப் பூட்டி, தன்னிடமிருந்த பழைய றப்பர் சப்பாத்தை றமேஸுக்குக் கொடுத்தான். அது இரண்டு அளவு பெரியது. றமேஸ் ஒவ்வோர் அடிக்கும் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

போகிற வழியில் பிரின்ஸ்டன் வழக்கை முடித்தே விட்டான். இது போட்டி நகைக்கடைக்காரனுடைய வேலை. றமேஸ் அண்ணையின் பேரைக் கெடுக்க அவன் ஆள் வைத்திருக்கிறான்.

"அந்த ஆள் எப்பிடி வீட்டுக்குள்ளை வந்தவன்?" என்று வதனா கேட்டார்.

"அதைத்தான் அக்கா நாங்கள் கண்டுபிடிக்கவேணும்."

"அப்ப இன்னும் முடியேல்லை."

வதனா முதலில் வீட்டுக்குள் போகாமல் பின் ஒழுங்கைக்குப் போனார். அங்கே அர்னோ என்ற காவற்காரர் மண்வெட்டியோடு நின்றார். அந்தக் கட்டடத்தின் படிகளும் குப்பைத் தொட்டிகளும் அவர் பொறுப்பு. ஒழுங்கையை மத்தியானம்தான் வழித்ததாகவும், வழித்த பனியைச் சுவரோரம் குவித்ததாகவும், முதுகு விட்டுப்போனதாகவும் பிரெஞ்சில் முறையிட்டார். முற்றத்தை இன்னும் தொடவில்லையாம். இரும்புக் கேற்றின் பூட்டு உறைந்துபோனதால் அதைத் திறக்கவும் முடியாதாம்.

கேற்றின் கம்பிகளுக்கிடையால் முற்றம் நன்றாகத் தெரிந்தது. வெள்ளைப் பரப்பில் தடம் நேரே வந்து நேரே போயிருந்தது. முன்பாதம் ஆழமாகப் பதிந்திருந்தது. குதிக்காலுக்குப் பின்னால் ஒவ்வோர் அடியிலும் பனி உழுதிருந்தது.

"அக்கா, கள்ளன் வயசாளி" என்றான் பிரின்ஸ்டன். "காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறான்."

"இழுத்து நடந்திருக்கிறான். அது சரி. கேற்றடியிலை உது என்ன?"

கேற்றுக்கு உட்பக்கம் பக்கத்தில் பக்கமாக இரண்டு வட்டக் குழிகள் இருந்தன. அவற்றுக்கு முன்னால், கம்பிகளின் அடிவரை, பனி கையால் விறாண்டிக் கிளறப்பட்டிருந்தது.

"முழங்கால். முழங்காலிலை நிண்டிருக்கிறான்" என்றான் பிரின்ஸ்டன். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் யோசித்து, "களவெடுத்திட்டு மன்னிப்புக் கேட்டிருப்பானோ?" என்றான்.

"நீர் மாதா கோயிலுக்குப் போற ஆள், உமக்கு அப்பிடித்தான் தெரியும்" என்றார் வதனா. அவர் கம்பிகளுக்கிடையால் தன் கையை விட்டு, உட்பக்கத்திலிருந்து நீட்டினால் ஒழுங்கைப் பக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்தார். பிறகு அர்னோ குவித்த பனிக் குவியலைப் பார்த்துவிட்டு, அதைத் தயவுசெய்து இனித் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தொடச் சொன்னாலும் தொடமாட்டேன் என்றார் அர்னோ.

தவரத்தினத்தின் வீடு முதலாம் மாடியில். வாசலில் செருப்புகள் ஒரு குவியலாகக் கிடந்தன. றமேஸ் உள்ளே வர மறுத்து வாசற்படியிலேயே நின்றார். தவரத்தினம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வதனாவை மட்டும் வரச் சொன்னார். பிரின்ஸ்டன் கூப்பிடாமலே உள்ளே வந்தான்.

சாட்சிப் பொருள் சாப்பாட்டு மேசையில் பத்திரிகைத் தாளின் மேல் வைக்கப்பட்டிருந்தது. கறுப்புச் சப்பாத்து, இன்னும் ஈரம். வதனா அதைத் தூக்கி, முன்னால் பார்க்காமல் பின்னால் பார்த்தார். புதுச் சப்பாத்தின் குதிப்பக்கம் இரண்டிலும் உள்ளே மடிந்து நசிந்திருந்தது.

"படியடியிலை நிண்டு முதல் தடத்தோடை வைச்சுப் பாத்தனான்" என்றார் தவரத்தினம். அவர் நெடுங்காலம் ஓர் உணவகத்தை நடத்தியவர். எதையும் முடிவாகச் சொல்லிப் பழகியவர். "அச்சொட்டு அதுதான். இதுக்கு மேலை என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம் அண்ணை. தடம் இந்தச் சப்பாத்தின்ரைதான்" என்று வதனா ஒப்புக்கொண்டார். வாசலில் றமேஸ் தலையைக் குனிந்தார்.

இந்திராதேவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. பொன் போனதைவிட அது போன நேரம்தான் அவரை வதைத்தது. கலியாணம் நடக்கப்போகிற வீட்டில், உருக்கிய பொன் அன்றைக்கே தொலைவது என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

"எல்லாம் முறைப்படிதான் செய்தனான், தங்கச்சி" என்றார். "பொன்னுருக்கினால் மாப்பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. இஞ்சை பிறந்த பெடியள் சொல்லுக் கேளாதுகள் எண்டு அவன்ரை சப்பாத்தெல்லாத்தையும் காலமையே அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டன். கலியாணப் பொம்பிளையும் இனி அவன்ரை கண்ணிலை படக்கூடாது. தர்மிளா இருக்கிறது பரிஸுக்கு வெளியாலை, ஆர்ஜொந்தெயிலை. ரயிலும் இல்லை. அந்தப் பயமும் இல்லை எண்டு நிம்மதியாய் இருந்தன்."

மாப்பிள்ளை மிதுசன் அறைக் கதவில் சாய்ந்து நின்றான். உயரமான பெடியன், விளையாட்டுக் காற்சட்டை போட்டிருந்தான். கைகள் இரண்டும் பைக்குள் இருந்தன. வதனா ஏதோ கேட்டதற்கு, தனக்கொன்றும் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னான். யன்னலுக்குக் கீழே ஹீற்றரில் பட்டு வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளையின்ரையோ?"

"ஓம். நிறைகுடம் தட்டுப்பட்டு மேலை ஊத்துப்பட்டதாம்" என்றார் இந்திராதேவி. "பட்டு பழுதாயிடும் எண்டு நான்தான் விரிச்சுப் போட்டனான்."

வதனா வேட்டியைக் கையில் எடுத்து, கரையோரமாக ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே போட்டார். பிறகு பிரின்ஸ்டனைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அரிசிக்கை கிடக்கிற போனை எடுத்துக்கொண்டு வாரும். சொந்தக்காரி வந்தால் அவவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"அக்கா, முக்கியமான நேரத்திலை என்னைக் கலைக்கிறீங்கள்."

"இதுதான் முக்கியம். போம்."

அவன் போனதும் வதனா, றமேஸை உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னார். தவரத்தினம் வாயைத் திறந்தார்.

"அவர் இருக்கட்டும் அண்ணை" என்றார் வதனா. "நான் சொல்லப்போறது அவருக்கும் உரியது. முதல் சப்பாத்து. இது இறுக்கமான சப்பாத்து, அவர்ரை காலுக்கெண்டு வாங்கினது. அவர் போட்டால் நூலை அவிழ்த்துக் காலை விட்டு, திரும்பக் கட்டுவார். குதிப்பக்கம் மடியாது. இதைப் போட்டவருக்கு அவசரம். கால் பெரிசு. உள்ளுக்குப் போகேல்லை. குதியை மிதிச்சு, செருப்பு மாதிரிக் கொழுவிக்கொண்டு போயிருக்கிறார். அதாலைதான் தடம் முழுக்க இழுபட்டிருக்கு. எங்கடை சனம் விசேஷ வீட்டிலை அவசரத்துக்கு வாசலிலை கிடக்கிற ஆற்றையும் செருப்பைக் கொழுவிக்கொண்டு போறதுதானே. நீங்களும் நானும் செய்யாததோ?"

தவரத்தினம் மேசையை நோக்கி வந்து சப்பாத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இரண்டாவது, கேற்றடி. களவெடுத்ததை ஒருத்தரிட்டைக் குடுக்கிறதெண்டால் நிண்டபடி கையை நீட்டினால் காணும். இவர் முழங்காலிலை நிண்டு, கம்பிக்கிடையாலை கையை விட்டு, பனியைக் கிளறியிருக்கிறார். ஏதோ விழுந்திட்டுது. விழுந்தது கேற்றுக்கு வெளியாலை. அப்ப பொன் களவு போகேல்லை அண்ணை. துலைஞ்சுபோச்சு."

"ஆர் துலைச்சது?" என்றார் தவரத்தினம்.

"தண்ணி மேலையிருந்து வந்ததோ கீழையிருந்து வந்ததோ எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை. குடம் ஊத்துப்பட்டால் ஒரு பக்கம் மேலையிருந்து வடிஞ்சு நனையும். அந்த வேட்டி கரையிலையிருந்து சுத்திவரச் சம உயரத்துக்கு நனைஞ்சிருக்கு. முழங்காலடியிலை மட்டும் இரண்டு வட்டம் கூடுதலாய் நனைஞ்சிருக்கு."

இந்திராதேவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"அவன்ரை சப்பாத்தை நான் பூட்டி வைச்சன்" என்றார் மெல்ல. "அதாலை அவன்…"

"ஓம் அக்கா. அதாலை வாசலிலை கிடந்ததைக் கொழுவினவர்."

"ஏன்? அங்கை ஆர் நிண்டது?" என்று தவரத்தினம் கத்தினார்.

"உருக்கின பொன்னைப் பாக்க ஆசை இருந்தும், இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாத ஆள் ஒருத்திதானே?"

"அவள் ஆர்ஜொந்தெயிலை" என்றார் இந்திராதேவி.

"ரயில் நிண்டதாலை அங்கையிருந்து ஒருத்தரும் இஞ்சை வர ஏலாது. அதே ரயில் நிண்டதாலை, அதுக்கு முதல் இஞ்சை வந்தவை திரும்பிப் போகவும் ஏலாது. நானே இன்னும் வீட்டை போகேல்லை. மிச்சத்தை நான் சொல்லுறது வடிவில்லை. தெரிஞ்சவர் சொல்லட்டும்."

மிதுசன் கைகளைப் பையிலிருந்து எடுத்தான். விரல்கள் சிவந்து தடித்திருந்தன.

"அம்மா, நான்தான்" என்றான். இந்த முறை தமிழில் சொன்னான். "தர்மிளா நேற்று வேலைக்கு வந்து மாட்டுப்பட்டிட்டா. சிநேகிதி வீட்டிலை நிண்டவ. இப்பிடி ஸ்னோ எங்கடை வாழ்க்கையிலை காணேல்லை, ஒருக்கா ரெண்டு பேரும் சேந்து பாப்பம், கேற்றுக்கு அங்காலை நிண்டே பாக்கிறன் எண்டு சொன்னவ. அவ்வளவுதான் கேட்டவ. பொன்னைக் கொண்டுபோனது என்ரை யோசினை. கம்பிக்கிடையாலை குடுக்கேக்கை ரெண்டு பேருக்கும் கை விறைச்சுப்போச்சு. விழுந்திட்டுது. உடனை எடுத்திடலாம் எண்டு நினைச்சன். நான் மேலை வந்தாப் பிறகும் அவ தேடினவ. சுவரோரம் இருட்டெண்டு போன் வெளிச்சத்திலை தேடப்போய் அதுவும் பனிக்கை விழுந்திட்டுது."

"வாயைத் திறந்து சொல்லுறதுக்கு என்ன?" என்றார் தவரத்தினம்.

"சொன்னால் அம்மா அவவைத்தான் பிழை சொல்லுவா. அபசகுனம் எண்டு கலியாணத்தையே நிப்பாட்டுவா."

வதனாவுக்கு அன்றைக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "இவர் உடுப்பைக் கழட்டேக்கை நீர் எங்கை நிண்டனீர்?"

"அறைக்குள்ளை" என்றான் மிதுசன். அவனால் றமேஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தவரத்தினம் மகனை அடிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் கீழே ஒழுங்கையில் யாரோ பெரிய சத்தமாகக் கூப்பிட்டார்கள். இந்திராதேவி யன்னலைத் திறந்தார். பிரின்ஸ்டன் பனிக் குவியலின் பக்கத்தில் நின்று கையை ஆட்டினான். போன்காரியைத் தேடிக் கடைவரை போகத் தேவையிருக்கவில்லை. அவன் போகிற வழியில் இங்கேயே கண்டுவிட்டான். ஒரு பெண் குவியலுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளி உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேலே பார்க்கவில்லை.

இந்திராதேவி யன்னலால் குனிந்து பார்த்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் முழுவதும் அந்த ஒழுங்கையில் குந்தியிருந்தது.

"கையுறைகூட இல்லை" என்றார் கடைசியில். "பாத்தது பாத்தாச்சு. இனிப் பாக்காத மாதிரி நடிச்சு ஆருக்கு என்ன? அவளை மேலை கூப்பிடு."

வதனா தடுத்தார். "கூப்பிட முதல் வாளிகளை எடுங்கோ அக்கா. அர்னோ வழிச்ச பனி முழுக்க அந்தக் குவியலுக்கைதான் இருக்கு. கையாலை தேடினால் விடிஞ்சாலும் கிடையாது. குளிக்கிற தொட்டியை அடைச்சு, சுடுதண்ணி விட்டு, பனியைக் கொண்டுவந்து கொட்டுங்கோ. கரையட்டும். பொன் பாரமான சாமான், அடியிலை கிடக்கும்."

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை அர்னோ ஒரு சமயச் சடங்கு என்றே நினைத்திருக்க வேண்டும். பலகாரம் சுட எடுத்துவைத்த கிடாரங்களிலும் வாளிகளிலும் பனியை நிரப்பிப் படியேறினார்கள். மாப்பிள்ளை, பொம்பிளை, மாமனார், பிரின்ஸ்டன் என்று வேறுபாடில்லை. றமேஸும் தூக்கினார். அர்னோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதுகையும் மறந்து, மண்வெட்டியால் வெட்டிக் கொடுத்தார். தொட்டியில் கரைந்த தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. சிகரெட் அடிக்கட்டைகளும் புறா இறகும் யாரோ தொலைத்த தோட்டின் திருகாணியும் வந்தன. இந்திராதேவி சேலையைச் செருகிக்கொண்டு, மா அரிக்கிற அரிதட்டால் அடித் தண்ணீரை அள்ளி அள்ளி வடித்தார். ஒவ்வொருதடவையும் அடைப்பைப் பிடுங்கமுதல் தர்மிளா தொட்டியின் அடியைத் தடவினாள். நடுவில் இந்திராதேவி தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவளுடைய தோளில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரம், அரிதட்டில் சிறுகற்களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று கிடந்தது. இந்திராதேவி அதைக் கண்டும் கொஞ்ச நேரம் தொடவில்லை. பிறகு அரிதட்டை அப்படியே தர்மிளாவிடம் நீட்டினார். "நீயே எடு பிள்ளை. நீ தேடினது" என்றார்.

எல்லோரும் ஹோலுக்கு வந்தார்கள். தவரத்தினம் பொன்னைப் புது வெற்றிலையில் வைத்து றமேஸிடம் கொடுக்கப் போனார். றமேஸ் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்" என்றார். "என்ரை சாமான்களை இஞ்சை கொண்டுவாறன். உங்கடை ஹோலிலை இருந்து செய்யிறன். நீங்கள் எல்லாரும் சுத்திவர இருந்து பாருங்கோ. தாலி முடியும் வரைக்கும் பொன் உங்கடை வீட்டை விட்டு வெளிக்கிடாது."

தவரத்தினத்துக்கு முகம் கறுத்தது. அவர் வாழ்நாளில் பலரைத் திட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வெற்றிலையை மடித்துத் தானே றமேஸின் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கடையிலை வைச்சுச் செய்யுங்கோ" என்றார். "ஒருத்தரும் பாக்க வரமாட்டினம்."

பிறகு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, மத்தியானம் பேசிய வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். "நான் சொன்னது பிழை. பொன் எங்கடை வீட்டாலைதான் துலைஞ்சது. றமேஸிலை ஒரு குற்றமும் இல்லை" என்று ஒவ்வொருவருக்கும் அதே சொற்களைச் சொன்னார். மகனுடைய பேரைச் சொல்லவில்லை. ஆனால் மிதுசன் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மூன்றாவது வீட்டுக்குப் போனை வாங்கித் தானே சொன்னான்.

எல்லாம் முடிந்ததும் தவரத்தினம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஆருக்கும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார்.

"என்ரை மனிசிக்கு" என்றார் றமேஸ். "மத்தியானம் எடுத்து, உன்ரை புருசன் பொன் ஏதும் குடுத்து அனுப்பினவரோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். அவள் எனக்கு எடுத்துச் சொன்னவள்."

தவரத்தினம் அதை மறந்தே போயிருந்தார். அல்லது மறந்துவிட்டதாக நினைக்க விரும்பியிருந்தார். போனைத் திரும்ப எடுத்து எண்களை அழுத்தினார். மறுபக்கத்தில் றமேஸின் மனைவி எடுத்தார். தவரத்தினம் முன்பு சொன்ன அதே சொற்களைத் தொடங்கி, பாதியில் தடுமாறி, "தங்கச்சி, என்னை மன்னிச்சுக் கொள்ளவேணும். அவர் எடுக்கேல்லை" என்று முடித்தார்.

"அது எனக்கு மத்தியானமே தெரியும், அண்ணை" என்றது அந்தக் குரல். கோபம் இல்லாத குரல். "அவர் ஏதும் சாப்பிட்டவரோ?"

பகல் முழுக்க அழாமல் இருந்த றமேஸ் அப்போதுதான் அழுதார். இந்திராதேவி குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.